அடைப்புக்குக் கீழே ஒரு கறுப்புக் கோடு: சென்சாருக்கு மாறிய பல் மருந்தகத்தில் நடந்தது

சிங்கப்பூரின் வடக்குப் பகுதியில், ஒரு வீவக (அரசு அடுக்குமாடி) புளோக்கின் கீழ்த்தளத்தில் இருக்கும் சிறிய பல் மருந்தகம் அது. இரண்டு அறை, இரண்டு நாற்காலி. டாக்டர் தமிழர், உதவியாளர்களில் ஒருவரும் தமிழர். வருகிறவர்களில் பெரும்பாலோர் அந்தப் பேட்டைக்காரர்கள். சாஸ் அட்டை, மெர்டேக்கா தலைமுறை அட்டை என்று அரசு மருத்துவ மானிய அட்டை ஏதாவது ஒன்றை முகப்பில் நீட்டிவிட்டு உட்காருகிறவர்கள். மருந்தகத்தையும் நோயாளிகளையும் அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை இங்கே விட்டுவிடுகிறேன். கருவி விற்றவர், பொருத்தியவர் பெயரும் தேவையில்லை. இதே தவறு எந்த நிறுவனத்தின் சென்சாரிலும் நடக்கலாம்.

நான் பல் மருந்தகங்களில் எக்ஸ்ரே கருவிகளைச் சரிபார்த்துப் பழுது நீக்கும் வேலையில் இருப்பவன். டாக்டர் அழைத்தபோது சொன்னது இவ்வளவுதான்: "அண்ணே, புது சென்சார் வாங்கினோம். ரெண்டாவது ரூம்ல எடுக்கிற படம் மட்டும் ஒரு மாதிரி இருக்கு. சென்சார் போச்சான்னு வந்து பாருங்க."

சென்சார் என்பது வாய்க்குள் வைத்து எக்ஸ்ரே படம் பிடிக்கும் சிறிய மின்னணுக் கருவி. அதே சென்சார்தான் முதல் அறையிலும். ஒன்றையே இரண்டு அறைக்கும் மாற்றி மாற்றிக் கொண்டுபோகிறார்கள். அங்கே படம் நன்றாக வருகிறது என்றால் சென்சார் போகவில்லை என்று தொலைபேசியிலேயே சொல்லிவிடலாம். ஆனாலும் போனேன். அவர் அடுத்துச் சொன்ன விஷயம் வேறு மாதிரி இருந்தது.

எழுபதை நெருங்கும் ஓர் அம்மா. கீழ்க் கடைவாய்ப்பல்லில் பல வருஷமாக இருக்கும் அமால்கம் என்ற உலோகக் கலவை அடைப்பு. வலி இல்லை, கூச்சம் இல்லை. வழக்கமான பரிசோதனைக்கு வந்தவருக்கு இரண்டாவது அறையில் பைட்விங் (மேல், கீழ்க் கடைவாய்ப்பற்களை ஒன்றாகக் காட்டும் எக்ஸ்ரே) எடுத்தார்கள். அடைப்புக்குக் கீழே தெளிவாக ஒரு கறுப்புக் கோடு. அடைப்புக்கு அடியில் சொத்தை மறுபடி தொடங்கியிருக்கிறது, பழையதை எடுத்துவிட்டுப் புதிதாக அடைக்கலாம் என்று டாக்டர் சொன்னார். அந்த அம்மா, "வலிக்கவே இல்லையே தம்பி, எதுக்கு நோண்டணும்?" என்று கேட்டிருக்கிறார். கூட வந்த மகள் கேட்டதுதான் டாக்டரை உறுத்தியது: "போன வருஷம் எடுத்த படத்தைக் காட்டுங்க டாக்டர். அதுல இது இருந்துச்சா?"

போன வருஷப் படத்தில் இல்லை. ஒரு வருஷத்துக்குள் இவ்வளவு தெளிவான கோடு வர முடியாது என்று இல்லை. ஆனால் அதற்கு ஏற்ற மாதிரி வேறு எதுவும் வாயில் தெரியவில்லை. டாக்டர் அன்றைக்குப் பல்லைத் தொடாமல் அனுப்பிவைத்தார். இந்த வழக்கில் யாராவது சரியாகச் செய்த முதல் காரியம் அதுதான்.

மருந்தகம் அதுவரை பயன்படுத்தியது பாஸ்பர் தகடு. ஃபிலிம் போலவே மெல்லியதாக, லேசாக வளையும். பேரியம், புளோரின், இன்னொரு உப்பீனி சேர்ந்த சேர்மத்தில் யூரோப்பியம் கலந்த பூச்சு எக்ஸ்ரேயின் ஆற்றலைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஸ்கேனரில் போட்டுச் சிவப்பு லேசரை ஓட்டினால் அது நீல ஒளியாக வெளிவரும், அதுதான் படம். சென்சார் வேறு வகை. எக்ஸ்ரே முதலில் சீசியம் அயோடைடு மாதிரியான ஓர் அடுக்கில் பட்டு ஒளியாகிறது, கீழே இருக்கும் சில்லு அந்த ஒளியை மின்சாரமாக்கி யுஎஸ்பி கம்பி வழியே அனுப்புகிறது. சில நொடியில் படம் திரையில். 1987ல் பிரான்சில் பிரான்சிஸ் மூயென் கொண்டுவந்த ஆர்விஜிதான் இந்த வகையில் முதல் வணிகக் கருவி. அப்போது இருந்தது சிசிடி வகைச் சில்லு, இப்போது பெரும்பாலும் சிமாஸ் வகை. 1896 ஜனவரியில் ஜெர்மனியின் ஓட்டோ வால்கோஃப் தன் பல்லைத் தானே எக்ஸ்ரே எடுத்தபோது 25 நிமிஷம் அசையாமல் இருந்தாராம். இன்றைக்கு நொடியில் பத்தில் ஒரு பங்கு போதும்.

ஆனால் தகட்டுக்கும் சென்சாருக்கும் இருக்கும் ஒரு வேறுபாட்டை விற்பனையின்போது யாரும் அழுத்திச் சொல்வதில்லை. தகட்டின் தாங்குதிறன் மிக அகலம். எக்ஸ்ரே கூடிப்போனாலும் குறைந்துபோனாலும் மென்பொருள் சரிக்கட்டிப் பார்க்கக்கூடிய படத்தைக் கொடுத்துவிடும். ஃபிலிம் காலத்தில் நேரம் கூடினால் படம் கறுத்துப்போய் எச்சரிக்கும். தகட்டில் அந்த எச்சரிக்கை இல்லை. கூடக் கொடுத்தால் படம் இன்னும் வழவழப்பாகத்தான் வரும். அதனால் எக்ஸ்ரே விடும் நேரத்தை வைக்கும் டைமர் வருஷக்கணக்கில் மெல்ல மெல்ல மேலே ஏறும், யாருக்கும் தெரியாது. இந்த மருந்தகத்திலும் ஏறியிருந்தது. இரண்டாவது அறையில் கடைவாய்ப்பல்லுக்கு 0.40 நொடி வைத்திருந்தார்கள்.

சென்சார் அவ்வளவு தாங்காது. அளவு மீறினால் எக்ஸ்ரே தடுப்பின்றி ஊடுருவும் மெல்லிய இடங்கள் ஒரேயடியாகக் கறுத்துவிடும். அங்கே இருந்த தகவல் போனது போனதுதான். பொருத்த வந்தவருக்கு இது தெரிந்திருக்கிறது. அதனால் இரண்டு அறையிலும் டைமரை ஒரே மாதிரி 0.10 நொடிக்கு இறக்கிவிட்டுப் போயிருந்தார். சிக்கல் தொடங்கியது இங்கேதான். இரண்டு அறையிலும் இருந்தது ஒரே வகை எக்ஸ்ரே கருவி இல்லை.

முதல் அறையில் இருப்பது டிசி (நேர்மின்னோட்ட) கருவி. பொத்தானை அழுத்திய கணத்திலிருந்து விடும்வரை மின்னழுத்தம் ஏறக்குறைய ஒரே சீராக நிற்கும். இரண்டாவது அறையில் இருப்பது பழைய ஏசி (மாறுதிசை மின்னோட்ட) கருவி. இப்போதைய டாக்டருக்கு முன்னால் இருந்தவர் வாங்கியது. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதாவது அந்தக் கருவி நொடிக்கு 50 துடிப்பாகத்தான் எக்ஸ்ரே விடும். 0.10 நொடி என்றால் மொத்தம் ஐந்தே துடிப்பு. அதிலும் பழைய கருவிகளில் எக்ஸ்ரே குழாயின் இழை சூடாகும்வரை முதல் ஒன்றிரண்டு துடிப்பு வலுவில்லாமல் போகும். 0.40 நொடியில் இருபது துடிப்பு இருக்கும்போது அந்த இழப்பு தெரியாது. ஐந்தில் இரண்டு சோடையானால் தெரியாமல் எப்படி இருக்கும்?

கதிர்வீச்சு அளவுமானியை வைத்துப் பார்த்தேன். அதே டைமர், அதே தூரம், அடுத்தடுத்து எடுத்தபோது இரண்டாவது அறையில் அளவு ஏறி இறங்கியது. முதல் அறையில் அசையவே இல்லை. படிப்படியாகத் தடித்துக்கொண்டே போகும் சிறிய அலுமினியப் படிக்கட்டு ஒன்றை சென்சார்மேல் வைத்துப் படம் எடுத்தால் முதல் அறையில் படிகள் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தன. இரண்டாவதில் தடித்த பக்கத்துப் படிகள் புள்ளி புள்ளியாக ஒன்றோடொன்று கலந்து கிடந்தன. எக்ஸ்ரே பற்றாக்குறையால் வரும் புள்ளி அது. சென்சாரை எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் அது போகாது.

அதற்கு முன்பே, அங்கே போனவுடன் கண்ணில் பட்ட இரண்டு விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன். இரண்டாவது அறைக் கணினியில் அந்த சென்சாரின் வரிசை எண்ணுக்குரிய அளவுத்திருத்தக் கோப்பு ஏற்றப்படவில்லை. ஒவ்வொரு சில்லுக்கும் அதற்கென்று தனிப்பட்ட குறைகள் இருக்கும்: எங்கே ஒரு புள்ளி செத்திருக்கிறது, எந்த வரிசை கொஞ்சம் வெளிறியிருக்கிறது என்று. தொழிற்சாலையிலிருந்து வரும் கோப்பு அதைக் கழித்துக்கொடுக்கும். கோப்பு இல்லையென்றால் படத்தில் மெல்லிய செங்குத்துக் கோடுகள் ஓடும், இங்கேயும் ஓடின. இரண்டாவது, கணினி எட்டவில்லை என்று நீட்டிப்புக் கம்பி ஒன்றைச் செருகியிருந்தார்கள். யுஎஸ்பி 2.0 கம்பிக்கு 5 மீட்டர்தான் வரம்பு, சென்சாரின் சொந்தக் கம்பியையும் சேர்த்து. அதனால்தான் சில சமயம் ஷாட் எடுத்தும் படம் வராமல் போயிருக்கிறது. உதவியாளர் பெண் சொன்னார்: "படம் வரலன்னா மறுபடி எடுப்போம் அண்ணே, வேற என்ன செய்றது?" அவரைக் குறை சொல்ல எதுவும் இல்லை.

இந்த இரண்டையும் சரிசெய்ய அரை மணி நேரம் ஆகவில்லை. ஆனால் அந்த அம்மாவின் கறுப்புக் கோட்டை இவை எதுவும் விளக்கவில்லை.

புள்ளி புள்ளியாக வரும் படத்தை முதல் நாளே யாரோ குறை சொல்லியிருக்க வேண்டும். மென்பொருளில் அதற்கு எளிய வழி ஒன்று உண்டு. முதலில் புள்ளிகளை மழுப்பும் வடிகட்டி. மழுப்பினால் படம் மந்தமாகிவிடும். அதனால் மேலே கூர்மையாக்கும் வடிகட்டி. இரண்டாவது அறைக் கணினியில் இரண்டும் போடப்பட்டு, கூர்மை ஏறக்குறைய உச்சத்தில் இருந்தது. அமைப்புக் கோப்பின் தேதி சென்சார் பொருத்திய அதே நாள். முதல் பார்வைக்குப் படம் அசத்தலாகத்தான் இருக்கும். பல்லின் மேலோடான எனாமலும் அதற்கு உள்ளே இருக்கும் டென்டினும் பிரியும் விளிம்பு கத்தி மாதிரித் தெரியும். டாக்டரே, "மொதல்ல பாத்தப்ப ரூம் ஒண்ணவிட இதுதான் நல்லாருக்குன்னு நினைச்சேன்" என்றார்.

கூர்மையாக்குவது என்றால் மென்பொருள் புதிதாக எதையும் கண்டுபிடிப்பதில்லை. படத்தின் மழுங்கிய நகல் ஒன்றை உருவாக்கி, அசலிலிருந்து அதைக் கழித்து, கிடைத்த வித்தியாசத்தை அசலோடு மறுபடி கூட்டுகிறது. வெளிச்சமான பகுதியும் இருண்ட பகுதியும் சந்திக்கும் விளிம்பில் வெளிச்சம் இன்னும் வெளிச்சமாகும், இருட்டு இன்னும் இருட்டாகும். அமால்கம் எக்ஸ்ரேயில் பளீரென்ற வெள்ளை. அதை ஒட்டியிருக்கும் டென்டின் சாம்பல். அந்தச் சாம்பலின் ஓரம் கணக்கின்படியே கறுத்துவிடும். பார்ப்பவருக்கு அடைப்பின் அடியில் ஒரு கறுப்புப் பட்டை. அடைப்புக்கு அடியில் வரும் சொத்தையும் அதே இடத்தில், அதே நிறத்தில்தான் வரும். உலோகக் கேப்பின் விளிம்பிலும் இப்படித்தான். இம்பிளான்ட் போட்டவர்களுக்கு இன்னும் மோசம்: திருகைச் சுற்றிலும் கறுப்பு வளையம் தெரிந்தால், எலும்பு பிடிக்கவில்லை என்ற முடிவுக்குப் போய்விடத் தோன்றும்.

அந்த அம்மாவின் படத்தைத் திறந்து வடிகட்டிகளை ஒவ்வொன்றாக அணைத்தோம். மென்பொருள் அசல் படத்தைத் தனியாக வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று. அவரை மறுபடி வரவழைத்து எடுக்க வேண்டியதில்லை. கூர்மையை அணைத்ததும் கோடு காணாமல் போனது. புள்ளியாக, மங்கலாக இருந்தது படம். ஆனால் அடைப்புக்குக் கீழே டென்டின் ஒரே சீராக இருந்தது.

டாக்டருக்கு இது போதவில்லை. போதக்கூடாதும்தான், மங்கலான படத்தில் கோடு தெரியவில்லை என்பதும் ஒரு நிரூபணம் ஆகாதே. அவர் செய்தது எனக்குப் பிடித்தது. மருந்தகத்தில் பிடுங்கி வைத்திருந்த, சொத்தையே இல்லாத ஒரு கடைவாய்ப்பல்லை எடுத்தார். அதில் புதிதாகக் குழி தோண்டி, இழுப்பறையில் மிஞ்சிக் கிடந்த அமால்கம் குப்பி ஒன்றை உடைத்து அடைத்தார். அடியில் சொத்தை இருக்க வழியே இல்லாத அடைப்பு. பல்லை மெழுகுக் கட்டியில் பதித்து இரண்டு அறையிலும் எடுத்தோம். கூர்மை போட்டால் இரண்டு அறைப் படத்திலும் கறுப்புக் கோடு வந்தது. அணைத்தால் இரண்டிலும் இல்லை. கருவியின் குறை படத்தைப் புள்ளியாக்கியது. கோட்டை வரைந்தது வடிகட்டி.

கோட்டில் ஒரு துப்பு முதலிலிருந்தே இருந்தது. உண்மையான சொத்தை ஒழுங்காகப் பரவாது. ஓரிடத்தில் தடிக்கும், ஓரிடத்தில் தேயும். அந்த அம்மாவின் படத்தில் கோடு அடைப்பைச் சுற்றி ஒரே அகலத்தில் ஓடியது. பக்கத்துப் பல்லின் உலோகக் கேப்பைச் சுற்றியும் அதே அகலத்தில் இருந்தது. உலோகம் இருக்கும் இடமெல்லாம் ஒரே தடிமனில் நிழல் தெரிந்தால், நோயைச் சந்தேகிக்கும் முன் மென்பொருளைச் சந்தேகிக்க வேண்டும்.

இந்தத் தொழிலில் எக்ஸ்ரே என்றாலே பேச்சு கதிர்வீச்சு பற்றித்தான். அந்த மகளும் ஈயக் கவசம் ஏன் போடவில்லை என்று கேட்டிருக்கிறார். வாய்க்குள் வைத்து எடுக்கும் ஒரு படத்தின் அளவு சில மைக்ரோசீவெர்ட்டுக்குள் அடங்கும். இயற்கையிலிருந்து ஒரு மனிதர் வாங்கும் கதிர்வீச்சு உலகச் சராசரியாக ஆண்டுக்கு 2.4 மில்லிசீவெர்ட், நாளுக்கு ஆறு ஏழு மைக்ரோசீவெர்ட். அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2024ல் ஈயக் கவசமும் தைராய்டு பட்டையும் தேவையில்லை என்றே பரிந்துரைத்துவிட்டது. கதிர்க்கற்றையைச் செவ்வகமாகக் குறுக்குவதும், தேவையில்லாமல் எடுக்காமல் இருப்பதும்தான் முக்கியம் என்கிறார்கள். கதிர்வீச்சை அலட்சியம் செய்யச் சொல்லவில்லை. படம் வராமல் மறுபடி மறுபடி எடுத்ததில் இந்த மருந்தகமும் தேவையில்லாமல் கொடுத்திருக்கிறது. ஆனால் என் கணக்கில் பெரிய சேதம் வேறு இடத்தில். கெட்ட படம் நல்ல பல்லுக்கு டிரில்லை வரவழைக்கும். ஒவ்வொரு முறை அடைப்பை மாற்றும்போதும் சுற்றியிருக்கும் நல்ல பல்லில் கொஞ்சம் போகும். அது திரும்ப வராது. சாஸ் மானியமும் இருப்பதால் நோயாளிக்கும் பெரிய செலவாகத் தெரியாது. வேண்டாம் என்று யார் சொல்வார்கள்?

டாக்டர் அன்று இரவே உட்கார்ந்து, சென்சார் வந்த நாளிலிருந்து இரண்டாவது அறையில் எடுத்த படங்களை வடிகட்டி இல்லாமல் மறுபடி பார்க்கத் தொடங்கினார். அடைப்பை மாற்றச் சொல்லி இன்னும் வராதவர்களை அழைத்துப் பேசினார். சிலருக்கு உண்மையிலேயே சொத்தை இருந்தது. வடிகட்டி இல்லாமலும் தெரிந்தது, கருவியால் தொட்டாலும் மென்மையாக இருந்தது. சிலருக்கு இல்லை. ஏற்கெனவே அடைப்பை மாற்றிவிட்டவர்கள் விஷயம்தான் கஷ்டம். தோண்டியாயிற்று, சரிபார்க்கப் பல் இல்லை. அவருடைய குறிப்புகளில் சிலவற்றில் மென்மையான டென்டின் எடுத்ததாக எழுதியிருந்தார். சிலவற்றில் அந்த வரி இல்லை. அவர்களையும் அழைத்துச் சொன்னார். சொல்ல வேண்டுமா என்று என்னிடம் கேட்டபோது, நான் கருவி ஆள், எனக்கு அதில் கருத்துச் சொல்லும் தகுதி இல்லை என்றேன். ஆனால் அவர் சொன்னது சரி என்றுதான் நினைக்கிறேன்.

இரண்டாவது அறையை இரண்டு கட்டமாகச் சரிசெய்தோம். முதலில் பழைய கருவியையே வைத்துக்கொண்டு டைமரை ஏற்றினோம். அலுமினியப் படிகள் பிரிந்து தெரியும்வரை ஏற்றி, மெல்லிய பக்கம் முழுக்கக் கறுக்கும் முன் நிறுத்தினோம். 0.20 நொடிக்குப் பக்கத்தில் வந்து நின்றது. அதாவது தகட்டுக்குக் கொடுத்ததில் பாதி. முன்பற்களுக்கு அதைவிடக் குறைவு. நேரம் கூடினால் இன்னொரு தொல்லையும் உண்டு: பல்லின் கழுத்தில், எனாமல் முடிந்து எலும்பு தொடங்கும் முன் இருக்கும் இடைவெளி இயல்பாகவே கொஞ்சம் கறுப்பாகத் தெரியும், அது மேலும் கறுத்து வேர்ச் சொத்தை மாதிரி வேஷம் போடும். வயதானவர்களுக்கு ஈறு இறங்கி வேர்ச் சொத்தை உண்மையாகவே வருவதால் இங்கே ஏமாறுவது சுலபம்.

அப்புறம் சில மாதத்தில் டாக்டர் புது டிசி கருவி வாங்கினார். சென்சாரை மாற்றுவது போல இதை மாற்ற முடியாது. எக்ஸ்ரே வெளிவிடும் கருவி என்பதால் தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் உரிமம் வேண்டும், கதிர்வீச்சுப் பாதுகாப்புச் சட்டம் அப்படி. அந்தத் தாள் வேலையும் செலவும்தான் பல மருந்தகங்கள் சென்சாரை மட்டும் புதுப்பித்துவிட்டுப் பழைய கருவியோடு ஓட்டுவதற்குக் காரணம் என்பது என் அனுபவம். சென்சார் வாங்க வருகிறவர்களிடம் நான் இப்போது முதலில் கேட்பது, சுவரில் மாட்டியிருக்கும் கருவி ஏசியா டிசியா, எந்த ஆண்டு வாங்கியது என்பதைத்தான். சென்சாரின் பிக்சல் அளவு பற்றிப் பேச அப்புறம் நேரம் இருக்கிறது. 20 மைக்ரான் பிக்சல் மில்லிமீட்டருக்கு 25 கறுப்பு வெள்ளைக் கோட்டு இணைகளைப் பிரிக்கும் என்பது காகிதத்தில் சரி. போதிய எக்ஸ்ரே வந்து சேராத சில்லில் அந்த எண்ணுக்கு மதிப்பில்லை.

மென்பொருளில் கூர்மையை இயல்பு நிலையில் அணைத்து வைத்தோம். விரும்பினால் பார்க்கும்போது போட்டுக்கொள்ளலாம்; வேர் சிகிச்சையில் வேருக்குள் விடும் ஊசி மாதிரியான கருவியின் நுனி எங்கே நிற்கிறது என்று பார்க்க அது உதவும். ஆனால் சொத்தை உண்டா இல்லையா என்ற முடிவு வடிகட்டி இல்லாத படத்தில்தான். கோப்பில் சேமிப்பதும் அதைத்தான். நாளைக்குத் தணிக்கைக்கு யாராவது வந்து கேட்டால் அந்தப் படம்தான் பேச வேண்டும்.

தகட்டு ஸ்கேனரைத் தூக்கிப்போட வேண்டாம் என்றும் சொன்னேன். சென்சார் தடிமன், வளையாது. கீழ்த்தாடையின் உள்பக்கம் எலும்பு முடிச்சு இருப்பவர்களுக்கு அதை வைப்பது சித்திரவதை. கிழக்காசிய மக்களிடம் இந்த முடிச்சு அதிகம் என்பதால் சிங்கப்பூரில் அடிக்கடி பார்க்கலாம். வலிக்கிறதென்று அவர்கள் நாக்கால் தள்ள, சென்சார் சாய, பற்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிப் படம் வர, மறுபடி ஒரு ஷாட். அவர்களுக்கும் குழந்தைகளுக்கும் தகடே மேல். முதலில் டாக்டருக்கு இதில் மனமில்லை; இவ்வளவு விலை கொடுத்து வாங்கிவிட்டுப் பழசையும் வைத்திருப்பதா என்றார். இப்போது ஸ்கேனர் இரண்டு அறைக்கும் நடுவில் இருக்கிறது.

அந்த அம்மா அடுத்த பரிசோதனைக்கு வந்தபோது புது கருவியில் படம் எடுத்தார்கள். அடைப்பின் அடியில் எதுவும் இல்லை, அடைப்பைத் தொடவில்லை. அதற்கப்புறம் மென்பொருளுக்கு ஒரு புதுப்பிப்பு வந்து, கூர்மை வடிகட்டி தானாக மறுபடி உச்சத்துக்குப் போய் உட்கார்ந்துகொண்டது. அந்தத் தமிழ் உதவியாளர்தான் முதலில் கவனித்தார். மெழுகில் பதித்த அந்தப் பல்லை அவர் பத்திரமாக எடுத்து வைத்திருந்தார். புதுப்பிப்பு முடிந்ததும் அதை ஒரு படம் எடுத்து, கோட்டைப் பார்த்துவிட்டு, டாக்டர் வருவதற்குள் அமைப்பை மாற்றிவிட்டார்.